கராத்தே மாஸ்டரைப் பார்க்கப் போகிறேன், என்ன செய்யலாம்?

கொக்குவில் தாதி:
வணக்கம். 90களில் கொக்குவிலில் ஒரு சனசமூக நிலைய வளவில் எனக்கு ஷோட்டோகான் கராத்தே பழக்கிய மாஸ்டர், இப்போது மகளோடு இணுவிலில் இருக்கிறார் என்று போன கிழமைதான் அறிந்தேன். போய்ப் பார்க்க வேண்டும். காசு வாங்க மாட்டார். அந்தக் காலத்திலேயே மாதக்காசுக்கு வழியில்லாத வீடுகளில் அவர் கேட்டதில்லை. என்ன செய்தால் அவர் மனம் குளிரும்?

பொம்பிளைப்பிள்ளைக்கு இது எதற்கு என்று அம்மா தயங்கியபோது, விறாந்தையில் இருந்து பனங்கட்டியோடு தேத்தண்ணி குடித்தபடி, “பிள்ளை அடிக்கப் பழக வரேல்லை அம்மா, வடிவா நிற்கப் பழக வருகுது” என்றார். சொன்னபடியே முதல் மாதங்கள் முழுக்க நிற்கத்தான் பழக்கினார். முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு, இரண்டு பாதமும் நிலத்தில் படிய வேண்டும். பின்காலின் குதிக்குக் கீழே ஒரு ஈர்க்கை வைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போவார். திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். சும்மா கழன்று வந்தால் குதி எழும்பிவிட்டது என்று அர்த்தம். ஒன்றும் பேசாமல் திரும்ப வைப்பார். இறுகி நின்றால் ஒரு “ம்”. அந்த “ம்” கிடைக்க எங்களுக்குள் எவ்வளவு போட்டி!

1995 ஒக்டோபரில் போரால் வந்த இடப்பெயர்வோடு வகுப்பு குலைந்தது. அடுத்த வருடம் எங்கள் ஊர்கள் இருக்கும் யாழ்ப்பாணத்து வலிகாமத்துக்குத் திரும்பியதும், சைக்கிளில் வீடு வீடாக வந்து எங்களைச் சேர்த்தவரும் அவர்தான்.

இன்று நான் தாதி. நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, முதுகை நிமிர்த்தி, தூக்கும் நேரம் மூச்சை விடுகிறேன். எல்லாம் அவர் தந்தது. இத்தனை வருட வேலையில் எனக்கு நாரி நோவு வந்ததில்லை.

இணுவில் அண்ணை:
தங்கச்சி, பொன்னாடை, மாலை ஒன்றும் வேண்டாம். நானும் பிள்ளைகளுக்குப் பழக்குகிறவன். ஒரு கட்டா, அதாவது எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்யும் அசைவுகள், செய்து காட்டுங்கோ. தொடக்கத்தில் பழகும் ஹெயான் ஷோதான் கட்டாவே போதும். அதன் முதல் அசைவே தடுப்புத்தான். கராத்தேயில் முதல் அடி நம்முடையது இல்லை என்பது ஷோட்டோகானைத் தொடக்கிய ஃபுனாகோஷி வகுத்த இருபது நெறிகளில் ஒன்று. உங்கள் மாஸ்டர் அம்மாவிடம் சொன்னதும் அந்த வழியில் வந்த பேச்சு. இடையில் நிறுத்தித் திருத்தினால் திருத்த விடுங்கோ. பழக்கினவருக்கு அதைவிடச் சந்தோசம் இல்லை.

மானிப்பாய் மகள்:
அக்கா, முதலில் மகளோடு கதைத்து நேரம் கேளுங்கோ. வயதானவர்கள் மத்தியானத்தில் படுப்பார்கள். என் அப்பா சிலம்பம் பழக்கியவர். பழைய மாணவர் யார் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி, “இப்ப என்ன செய்யிறாய்?” அதனால் நோயாளியைத் தூக்கும் கதையைக் கட்டாயம் சொல்லுங்கோ. எழுதியும் கொடுங்கோ. ஒரு மாணவர் போட்ட கடிதத்தை அப்பா எங்களைக் கொண்டு எத்தனையோ தரம் வாசிப்பித்திருக்கிறார்.

கொக்குவில் தாதி:
இரண்டு பேருக்கும் நன்றி. கடிதம் எழுதத் தொடங்கிவிட்டேன். கட்டாவும் செய்வேன். பனங்கட்டி கொண்டுபோனால் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அந்த வளவில் என்னோடு பழகியவர்கள் யாராவது இதை வாசித்தால் தனிமடல் போடுங்கோ, சேர்ந்து போவோம்.