‘லூர்’: தூண்டிற்பொன்னா, பொய்யிரையா?

க.மு.:
அன்பர்களுக்கு வணக்கம். பகாமாஸ் கடலில் வாகூ என்னும் கூரிய பல்லுள்ள, வேகமாக நீந்தும் மீனைத் தூண்டிலில் பிடிப்பது பற்றிய பயிற்சிப் படத்துக்குத் தமிழ் வசனவரி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ‘லூர்’ என்பதற்கு ஒரு சொல் தேவை. ‘இரை’ என்று விட முடியாது. செத்த மீனை முள்ளில் கோத்து மெதுவாக இழுக்கும் பகுதியும் அதே படத்தில் வருகிறது. லூர் என்பது கனமான உலோகத் தலை, பின்னால் ரப்பர் குஞ்சம், குஞ்சத்துக்குள் மறைந்த முள். படகு 12 முதல் 18 நாட் (மணிக்கு ஏறத்தாழ 22 முதல் 33 கி.மீ.) வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் கோத்த மீன் கிழிந்துபோகும்.

செ.வே.:
சொல் ஏற்கெனவே இருக்கிறது, ஐயா. ‘வென்றதூஉம் தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ (குறள் 931). பொன் என்றால் தங்கம் மட்டுமல்ல, உலோகப் பொதுப்பெயர்; ஐம்பொன் என்கிறோமே. உலோகத் தலையுள்ள கருவிக்கு இதைவிடப் பொருத்தமாக எது அமையும்? பொலிவு, பொற்பு, பொன் எல்லாம் ‘பொல்’ என்ற வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. வாகூவை இழுப்பதும் நீருக்குள் பளிச்சிடும் ஒளிதான். வேரும் வினையும் பொருந்துகின்றன.

நா.:
பரிமேலழகர் அப்படிக் கொள்ளவில்லையே. ‘இரையான் மறைந்த தூண்டில் இரும்பு’ என்பது அவர் உரை. அங்கே பொன் என்பது முள். அதை மூடியிருப்பதுதான் இரை. லூரைத் தூண்டிற்பொன் என்றால் முள்ளை என்னவென்று சொல்வீர்கள்? ‘பொன்னின் குஞ்சம் கிழிந்தால் மாற்றுக’ என்று திரையில் ஓடினால் பார்ப்பவர் தங்கத்தைத் தேடுவார். பொய்க்கால் போலப் பொய்யிரை என்று வையுங்கள். தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்; புணர்ச்சியிலும் குறையில்லை.

அ.ர.:
பெயர் எதுவானாலும் சரி, கோக்கும் வரிசை தப்பக்கூடாது. ராட்டையிலிருந்து (கோலில் நூல் சுற்றும் உருளை) வரும் நூலில் முதலில் 1 முதல் 1.5 கிலோ ஈயக்குண்டு. அது இல்லாவிட்டால் அந்த வேகத்தில் லூர் நீர்மேல் துள்ளும். குண்டுக்குப் பின்னால் 6 முதல் 9 மீட்டர் தடித்த தங்கூசி (நைலான் இழை). அதன் பிறகு ஏறத்தாழ 1 மீட்டர் துருப்பிடிக்காத முறுக்குக் கம்பி, கடைசியில் லூர். கம்பியை விட்டுவிட்டால் வாகூவின் பல் தங்கூசியைக் கத்தரித்துவிடும். இவற்றை நூல் முறுக்கிக்கொள்ளாமல் இணைக்கும் சுழல் வளையம் கறுப்பாக இருக்கவேண்டும். மினுக்கினால் கூட வரும் இன்னொரு வாகூ அதைக் கடிக்கும், முன்னால் மாட்டிய மீனும் போய்விடும்.

வசனத்தில் இன்னொரு இடம் கவனம். மீன் மாட்டியதும் ‘படகை நிறுத்து’ என்று எழுதிவிடாதீர்கள். வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்தக்கூடாது. நூல் தொய்ந்தால் முள் பட்ட துளை தளர்ந்திருக்கும். மீன் தலையை உதறும்போது லூரின் கனத்த தலையே முள்ளைக் கழற்றிவிடும். கோலை ஏற்றி இறக்காமல் ஒரே சீராகச் சுற்றவேண்டும். குண்டு கோல் நுனிக்கு வந்ததும் மிச்சத் தங்கூசியைக் கையால் இழுப்பார்கள். அப்போது அதைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. இந்த எச்சரிக்கை திரையில் இரண்டு நொடியாவது கூடுதலாக நிற்கட்டும்.

செ.வே.:
அந்தத் தங்கூசிப் பகுதிக்குத் ‘தலையிழை’ என்று பெயர் வைக்கலாம்.

நா.:
தலை லூரில் இருக்கிறது, முள்ளிலும் இல்லை, குண்டிலும் இல்லை. ‘முன்னிழை’ போதும்.

செ.வே.:
படகிலிருந்து பார்த்தால் அது பின்னால் வருகிறது. முன் எங்கே?

க.மு.:
அதைத் ‘தடித்த தங்கூசி’ என்றே விட்டுவிடுகிறேன். லூருக்கு, இருவர் பொய்யிரை என்கிறீர்கள் (தனிமடலில் வந்த ஒன்றையும் சேர்த்து). முதலில் வரும் இடத்தில் ‘லூர் எனப்படும் பொய்யிரை’ என்றும் பிறகு பொய்யிரை என்றும் போடுகிறேன்.

செ.வே.:
கெடுவுக்காக ஒத்துக்கொள்கிறேன், சொல்லுக்காக அல்ல. நெகிழி இறாலும் பொய்யிரைதான், ரப்பர் புழுவும் பொய்யிரைதான். குஞ்சமோ வேறு மறைப்போ இல்லாமல், பளபளக்கும் தகடு மட்டுமே மீனை ஏமாற்றும் ‘ஸ்பூன்’ வகை இருக்கிறது. அதற்காவது தூண்டிற்பொன்னை ஒதுக்கி வையுங்கள். அங்கே பரிமேலழகரும் குறுக்கே வரமாட்டார்.

அ.ர.:
அதற்கு நானும் சம்மதம். ஆனால் ‘ட்ராக்’ (drag) இன்னும் பாக்கி. ‘இழுவை’ வேண்டாம், இழுவலை, இழுவைப்படகு என்று ஏற்கெனவே குழப்பம் போதும். ராட்டைக்குள் தட்டுகள் அழுந்தி நூல் ஓடுவதைத் தடுக்கும் அமைப்பு அது. ‘பிடி’ எப்படி? முதல் ஓட்டத்தில் பிடியைக் கூட்டினால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும் என்று எழுதிப் பாருங்கள்.

நா.:
‘மீன் பிடி’ என்பதோடு மோதும். ‘தடை’?