குடிபூரலுக்கு ஒரு ஹால்பர்ட்

சுமதி அன்ரி: எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் லுசேர்னில் கோகுலனின் புது வீட்டுக் குடிபூரல். குத்துவிளக்கு வேண்டாம், சுவரில் மாட்டுவதற்கு ஹால்பர்ட் மாதிரி ஒன்று போதும் என்கிறான். காசு சேர்ப்பதற்கு முன் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ரஞ்சன்: அந்தக் கோடரி வைத்த ஈட்டியா?

பெரியப்பா: அதுவேதான். வெட்டுவதற்குக் கோடரி, குத்துவதற்குக் கூர்முனை, குதிரையில் இருப்பவனைக் கொளுவி விழுத்துவதற்குப் பின்புறக் கொக்கி என மூன்றையும் ஒரே தலையில் வைத்து, ஆளுயரத்திற்கு மேற்பட்ட தடியில் பொருத்தியிருப்பார்கள். 1315இல் மோர்கார்ட்டனில் ஆஸ்திரியக் குதிரைப்படையை மலைக்கும் ஏரிக்கும் நடுவே மடக்கி அடித்த சுவிஸ் குடியானவர்களின் கையில் இருந்தது இதுதான். 1477இல் நான்சியில் பர்கண்டிக் கோமகன் சார்லஸின் மண்டையைப் பிளந்ததும் ஹால்பர்ட்தான் என்பார்கள்.

சுமதி அன்ரி: அண்ணா, நல்ல காரியத்திற்கு மண்டை பிளந்த கதை வேண்டாமே.

மாலதி மாமி: புது வீட்டுக்கு ஆயுதம் கொண்டுபோவதா? சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இந்தக் கிறுக்கு.

கோகுலன்: மாமி, நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

ரஞ்சன்: நல்லூரில் வேலைக் கும்பிடுகிறோமே அம்மா.

பெரியப்பா: வத்திக்கானில் 1506இலிருந்து பாப்பரசரைக் காக்கும் சுவிஸ் காவலர் இன்றும் ஹால்பர்ட்டோடுதான் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஆகுவது எங்களுக்கு மட்டும் எப்படி ஆகாமல் போகும்? ஆனால் வாங்குவதைப் பார்த்து வாங்க வேண்டும். மலிவானவற்றில் தலை கண்ணாடிபோல் மினுங்கும் துருப்பிடிக்காத உருக்காகவும், தடி மண்வெட்டிப் பிடிபோல் உருண்டையாகவும் இருக்கும். பழைய தடிகளில் பலவற்றைப் பட்டை பிடித்துச் செதுக்கியிருப்பார்கள். அப்போதுதான் கொக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது பாராமலே கைக்குத் தெரியும், வெட்டும்போது தடியும் சுழலாது. தலையிலிருந்து தடியின் வழியே இறங்கும் இரும்புப் பட்டிகள் உண்மையில் ஆணியடித்து இருக்கின்றனவா, அல்லது பேருக்கு ஒட்டியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். எதிரி தடியைத் தறித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தவை அவை.

ரஞ்சன்: கோகுலனின் வரவேற்பறைக்கு எந்த எதிரி வரப்போகிறான்?

மாலதி மாமி: பங்குக் காசு கேட்டு நாங்கள்தான் வருவோம். நிரோஜாவின் கலியாணப் பரிசுக்கு உன் பங்கு இன்னும் வரவில்லை, ரஞ்சன்.

கோகுலன்: பெரியப்பா சொல்வது சரி. எனக்குக் கார்பன் உருக்குத் தலையும் ஆஷ் மரத்தடியும் வேண்டும், கூர் தேவையில்லை. துருப்பிடித்தால் எண்ணெய் பூசிக்கொள்வேன். தடியை இரண்டு துண்டாக்கி நடுவில் திருகிப் பொருத்துவது மட்டும் வேண்டாம், அந்த மூட்டு சுவரில் அசிங்கமாகத் தெரியும்.

சுமதி அன்ரி: ஒரே தடியென்றால் தபாலுக்கே தனிக் காசு கேட்பார்களே.

பெரியப்பா: ஐரோப்பாவில் விற்கும் மாதிரிகளில் கணிசமானவை டேராடூன் பட்டறைகளில் செய்யப்படுகின்றன. இந்தியாவிலிருந்து நேரே எடுப்பித்தால் மலிவாக முடியுமா என்று விசாரிக்கிறேன்.

மாலதி மாமி: போன முறை அண்ணா விசாரித்து எடுப்பித்த சுவர்க்கடிகாரம் குடிபூரல் முடிந்த பிறகல்லவா வந்து சேர்ந்தது?

பெரியப்பா: அது சுங்கத்தில் நின்றது. அதற்கு நான் என்ன செய்வது?

ரஞ்சன்: இங்கேயே கடையில் வாங்கினால், சூரிச்சிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு யார் ரயில் ஏறுவது?

கோகுலன்: மச்சான், உன்னிடம் வான் இருக்கிறது.

ரஞ்சன்: வான் திருத்தக் கொடுத்திருக்கிறேன்.

சுமதி அன்ரி: சரி, முதலில் ஆளுக்கு ஐம்பது பிராங்க் போடுங்கள். குறைந்தால் தலையை மட்டும் வாங்குவோம், தடியை அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

மாலதி மாமி: நான் குத்துவிளக்கும் ஒன்று எடுத்து வைக்கிறேன்.