கடலூர்ல இருந்து பாண்டிக்கு தினமும் பஸ்ஸா, அங்கேயே ரூமா?

கெடிலக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 23, வீடு மஞ்சக்குப்பம், வேலை பாண்டில ஒரு தனியார் கம்பெனி கணக்குப் பிரிவு. கூடப் படிச்ச ரெண்டு பேர் லாஸ்பேட்டைல ரூம் புடிச்சிருக்காங்க. வாடகை 9,000, மூணா பிரிச்சா ஆளுக்கு 3,000. மூணாவது ஆளா வந்துடுன்னு தினம் போன். எங்க அப்பா, "அரை மணி நேர வழிக்கு எவனாச்சும் வாடகை குடுப்பானா?"ங்கிறார். அவர் சொல்ற அரை மணி நேரம், கல்யாணத்துக்கு முன்னாடி பாண்டில ரெண்டாவது ஆட்டம் பார்த்துட்டு ராத்திரி வண்டில திரும்பின கணக்கு. காலைல எட்டு மணி பஸ்ல அவர் ஏறினதே இல்ல.

சம்பளம் 18,000, அதுல பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 12,000. பேசிக்ல 12 சதம் பி.எஃப். 1,440 போகுது. மொத்தத்துல 0.75 சதம் வைத்தியத்துக்கான இ.எஸ்.ஐ. 135. கைக்கு 16,425. வீட்டுக்கு 6,000 குடுக்குறேன், மீதி என் செலவு.

ஆல்பேட்டை தாண்டி பெண்ணையாத்துப் பாலம் ஏறுறதுக்குள்ள சீட்டு கிடைச்சா நல்ல நாள். ரெட்டிச்சாவடில நெருக்கும், கன்னியக்கோயில்ல இன்னும் நெருக்கும், கிருமாம்பாக்கத்துல காலேஜ் கூட்டம் இறங்கினதும் மூச்சு வரும். அப்புறம் தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம்னு ஊர்ந்து, கடைசில ஏ.எஃப்.டி. மில் பக்கத்து ரயில்வே கேட். ஆபீஸ் அங்கேருந்து இன்னும் தூரம், இறங்கி ஓடினாலும் லேட்தான். போன வாரம் கேட் ரொம்ப நேரம் கழிச்சுத் திறந்தப்போ பஸ் மொத்தமும் கை தட்டுச்சு. டிரைவர் கண்ணாடில பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அரை நாள் லீவு கழிஞ்சாலும் அந்த நிமிஷம் நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சு.

போலாமா, வேணாமா? நேரா சொல்லுங்க.

லாஸ்பேட்டைவாசி:
போ தம்பி. யோசிக்கவே யோசிக்காத.

காசை விடு, நேரத்தைப் பாரு. வீட்டு வாசல்ல இருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் ஒன்றரை மணி நேரம், திரும்பி வர ஒன்றரை. தினம் மூணு மணி நேரம் கம்பியப் புடிச்சு நிக்கிற. கணக்குப் பிரிவுல இருக்குற பையன் அந்த நேரத்துல உக்காந்து ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ்.னு வரி வேலைய ஒழுங்கா கத்துக்கிட்டா ரெண்டு வருஷத்துல 18,000-ங்கிறது பழைய கதை.

இன்னொன்னு. நான் சிதம்பரம் பக்கம். ரூமுக்கு வந்த முதல் நாள் ராத்திரி நாலு பேருக்கு சோறு வடிக்கிறோம்னு ஒரு படி அரிசி போட்டோம். குக்கர்ல பாதி, மீதி அண்டால, அதுவும் பொங்கி அடுப்பை அணைச்சிருச்சு. பக்கத்து வீட்டம்மா வாசனை புடிச்சு வந்து எட்டிப் பார்த்துட்டு, ஒண்ணுமே பேசாம ஒரு கிண்ணம் வத்தக்குழம்பு கொண்டு வந்து வச்சாங்க. அடுத்த மூணு வேளைக்கும் அதே சோறு. இன்னைக்கு எங்க ரூம்ல நான் வைக்கிற மீன்குழம்புக்கு ஆள் தேடி வருது. அம்மா கையால சாப்பிட்டுக்கிட்டே இதெல்லாம் வராது.

பழைய துறைமுகம்:
லாஸ்பேட்டை நண்பர் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. நானும் ஓ.டி.லேருந்து, அதான் கடலூர் பழைய டவுன்லேருந்து, பல வருஷம் பாண்டிக்குப் போய் வந்தவன்தான்.

தம்பி, உன் கணக்கையே எடுத்துக்க. ரூம் 3,000. கரண்ட், தண்ணி கேன், கேஸ் சேர்த்து ஒரு ஆயிரம். மூணு வேளை சாப்பாடு, சிக்கனமா இருந்தாலும் 4,500. சனி ஞாயிறு வீட்டுக்கு வந்து போற பஸ் காசு. ஆக 16,425-ல பாதிக்கு மேல காலி. வீட்டுக்குக் குடுக்குற 6,000-த்தையும் குடுத்தா உன் கைல என்ன நிக்கும்? குடுக்கலன்னா வீட்டுல என்ன நிக்கும்? அதச் சொல்லு முதல்ல. பீச் ரோட்டுல சாயந்தரம் வண்டிய நிறுத்தி விட்டு நடக்க விடறாங்க, காசு கேக்க மாட்டாங்க, உண்மை. ஆனா மூணு சிநேகிதர்கள் சேர்ந்து நடந்தா, நடை ஐஸ்கிரீம் கடைலதான் போய் முடியும்.

பி.எஃப். புடிக்கிறத பத்தி வருத்தமா எழுதின மாதிரி இருக்கு. வருத்தப்படாத. நீ போடற 1,440-க்கு சமமா கம்பெனியும் போடுது. அதுல உன் பேசிக்ல 8.33 சதம், ஏறக்குறைய 1,000, பென்ஷனுக்குப் போகுது, மீதி உன் பி.எஃப். கணக்குல ஏறுது. இ.எஸ்.ஐ.யும் அப்படித்தான், உன் 0.75-க்கு கம்பெனி 3.25 போடுது. சம்பளம் 21,000 தாண்டுற வரைக்கும் அந்த 135 ரூபாய்ல உனக்கு மட்டுமில்ல, உன்ன நம்பி இருக்குற அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் இருக்கு. முதல் வேலைல இருக்குற பசங்க இந்தக் காசை "போச்சு"ன்னு எழுதுறத பார்த்தா எனக்கு மனசு கேக்கல.

பஸ்ஸையும் லேசா நினைக்காத. எனக்கு பொண்ணு பார்த்துச் சொன்னதே தினம் கூட வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். இன்னைக்கும் தீபாவளிக்கு எங்க வீட்டு முறுக்கு அவர் வீட்டுக்குப் போகுது.

பண்ருட்டி பலா:
ரெண்டு பேரும் சண்டை போடறதுக்கு நடுவுல மூணாவது வழி ஒண்ணு கிடக்கு. பைக்!

பெட்ரோல் பாண்டில போடு, நம்ம பக்கத்தை விட விலை கம்மி. காலைல ஏழே முக்காலுக்குக் கிளம்பினா எட்டரைக்கு ஆபீஸ்.

லாஸ்பேட்டைவாசி:
அதே ரயில்வே கேட்ல பைக்கும்தான் நிக்கும். மழைக்காலத்துல தவளக்குப்பம் தாண்டி லாரிக்குப் பின்னால ஒரு நாள் வந்து பாருங்க, சட்டைய பார்த்து மேனேஜர் என்ன கேப்பார்னு தெரியும்.

பண்ருட்டி பலா:
மழைக்கு பஸ், வெயிலுக்கு பைக். இதுல என்ன கஷ்டம்? ரூம்ல வண்டிய நிரந்தரமா வச்சா வேற வேலை இருக்கு. டி.என். 31, நம்ம கடலூர் நம்பர் வண்டி, வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல இருந்தா அங்க மறுபதிவு பண்ணணும், மோட்டார் வாகனச் சட்டத்துலயே இருக்கு. தினம் வீட்டுக்குத் திரும்பற வண்டிக்கு அந்தத் தொல்லையே இல்ல.

தேவனாம்பட்டினம் காத்து:
ஆரம்பத்துலேருந்து படிச்சிட்டு வரேன். அண்ணன்மாருங்க எல்லாரும் சோறு, வாடகை, பெட்ரோல்னு பேசறீங்க. நானும் அதே ரோட்டுல தினம் போறவ. வயசு 24, பாண்டில ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை. என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க.

2021-லேருந்து நம்ம பக்கம் டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. அதுல எனக்கு வீட்டுலேருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மிச்சம். பாண்டிக்கு ஏறுற வண்டில டிக்கெட் எடுத்துத்தான் ஆகணும். அது பரவாயில்ல. சனிக்கிழமை சாயந்தரம் திரும்பி வர்றதுதான் என் கஷ்டம். கன்னியக்கோயில், முள்ளோடைல மாநில எல்லைக் கடைங்களுக்கு வந்துட்டு ஏறுற கூட்டம் உங்களுக்குத் தெரியும். ஒரு ஆள் சீட்டுக் கம்பியோட பேசிக்கிட்டு வருவார். இன்னொருத்தர் தூங்கி அடுத்தவங்க தோள்ல விழுவார். கண்டக்டர் நல்லவரா இருந்தா, "அம்மா, நீங்க முன்னாடி வந்து உக்காருங்க"ன்னு இன்ஜின் பக்கம் இடம் குடுப்பார். அதுக்கே மனசுக்குள்ள நன்றி சொல்லிக்கிட்டு வருவேன்.

அப்புறம் ஆல்பேட்டை சோதனைச் சாவடி. பாட்டில் இருக்கான்னு போலீஸ் ஏறிப் பார்ப்பாங்க. ஒரு தடவை ஒரு பெண் காவலர் என் பையத் தூக்கிப் பார்த்தாங்க, கனமா இருந்துச்சு, உள்ள என்னன்னு கேட்டாங்க. டிபன் கேரியர்னு சொன்னேன். திறக்கச் சொன்னாங்க. நாலடுக்கு. முதல் அடுக்குல ரசம் சாதம் மிச்சம், ரெண்டாவதுல காய்ஞ்ச அப்பளம், மூணாவதுல கூட வேலை பாக்குற அக்கா குடுத்த ரவா லட்டு. லட்டைப் பார்த்ததும் அவங்க முகமே மாறிடுச்சு. "காலைல டியூட்டிக்கு வந்தது, இன்னும் டீ கூட குடிக்கல"ன்னாங்க. ஒண்ணு எடுத்துக்கங்கன்னு நீட்டினேன். மாட்டேன்னுட்டாங்க. பஸ் நகர்ற நேரத்துல கையக் காட்டி நிறுத்தி, "சரி, ஒண்ணே ஒண்ணு"ன்னு வாங்கிக்கிட்டாங்க. பஸ்ல அத்தனை பேரும் சிரிச்சாங்க, அவங்களும் சிரிச்சாங்க. அந்தச் சனிக்கிழமை மட்டும் நான் பயமில்லாம வீட்டுக்கு வந்தேன்.

விஷயம் என்னன்னா, எனக்கு ரூம் எடுக்கணும்னு ஆசை. காசும் இருக்கு. லேடீஸ் ஹாஸ்டல்ல எட்டரைக்கு கேட்டைப் பூட்டிடறாங்க, என் ஷிப்ட்டு முடியறதே எட்டு மணிக்கு. தனி வீடு கேட்டா, "கல்யாணம் ஆனப்புறம் வாம்மா"ங்கிறாங்க. எங்க வீட்டுல ரூம் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து அடுப்படிக்குப் போயிடறாங்க. கெடிலக்கரை தம்பி, உனக்குக் கேக்குறதுக்கு ஒரு ரூம் இருக்கு, வேணாம்னு சொல்றதுக்கும் உரிமை இருக்கு. எனக்கு ரெண்டும் இல்ல. அதனால என் ஓட்டு உன் ரூமுக்குத்தான். போய் இருந்து பாரு. கிடைக்குறவங்க போகட்டும்.

பழைய துறைமுகம்:
தங்கச்சி, நீ எழுதினத ரெண்டு தடவை படிச்சேன். என் பொண்ணுக்கு வயசு 19. அவ நாளைக்கு இதே கேள்விய கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு நினைச்சேன். "பஸ்லயே வந்துடும்மா"ன்னுதான் சொல்லுவேன். அத மறைக்கல. ஆனா எட்டு மணிக்கு மேல அந்த ரூட்டுல அவ தனியா வர்றதுன்னா, கூட வந்து இருங்கன்னு அவ அம்மாவ ரூமுக்கு அனுப்பி வைப்பேன். நீயும் உங்க அம்மாகிட்ட அப்படிக் கேட்டுப் பாரேன்.

தேவனாம்பட்டினம் காத்து:
அண்ணே, அம்மா வந்துட்டா அப்புறம் அது என் ரூம் இல்லையே. அவங்க வீடு ஆயிடும். நீங்க நல்ல மனசோட சொல்றீங்க, புரியுது. ஆனா உங்க பொண்ணுகிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

பழைய துறைமுகம்:
கேக்குறேன்மா.

ஆனா தம்பி விஷயத்துல என் பேச்சு மாறாது. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுவை பக்கம் கரை கடந்தப்போ ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை கொட்டுச்சு. ரெயின்போ நகர்ல ரூம்ல இருந்த எங்க ஓ.டி. பசங்க மொட்டை மாடில பிஸ்கட் தின்னுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. இங்க அவங்க அம்மாங்களுக்குத் தூக்கம் இல்ல. வீட்டுல இருந்திருந்தா இந்த அவதி உண்டா?

லாஸ்பேட்டைவாசி:
லாஸ்பேட்டை மேடு, அண்ணே. எங்க தெருவுல தண்ணி நிக்கல. அந்த ரெயின்போ நகர் பசங்க மாதிரி நாலு பேர் எங்க ரூமுக்குத்தான் வந்தாங்க. ஒரு படி அரிசி அன்னைக்குத்தான் சரியா போதுச்சு.

அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் அணைத் தண்ணி பெண்ணையாத்துல வந்து கடலூர் ரோட்டையே மறிச்சுச்சே, அத விட்டுட்டீங்க. தினம் போய் வர்றவங்க எல்லாரும் கடலூர்லயே மாட்டினாங்க. பாண்டிக்கு நேரா ரயிலும் கிடையாது, விழுப்புரம் சுத்தணும். அன்னைக்கு ஆபீசுக்கு வந்தது யாரு? ரூம்ல இருந்தவங்க.

பண்ருட்டி பலா:
அன்னைக்கு ஆபீஸ் போனவங்களுக்கு என்ன மெடலா குடுத்தாங்க? வெள்ளத்துல வீட்டுல அம்மாகூட இருக்கணும்ங்க. எங்க பக்கம் மரம் விழுந்து கிடந்தது, கோடாலி புடிக்க ஆள் இல்ல. இளவட்டம் எல்லாம் சென்னைல, பாண்டில. 2011 டிசம்பர்ல தானே புயல் வந்தப்போ எங்க தாத்தாவோட பலாத்தோப்பும் முந்திரியும் ஒரே ராத்திரில சாய்ஞ்சுது. அப்போ நான் ஸ்கூல் பையன், வீட்டுல இருந்தேன், மரத்த அறுத்து இழுத்தேன். தாத்தா என் தோளப் புடிச்சுக்கிட்டுத்தான் தோப்புக்குள்ள நடந்தார். அதுக்காகச் சொல்றேன்.

லாஸ்பேட்டைவாசி:
இதுக்கு எதிரா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா 22 கிலோமீட்டர் வெளியூர் இல்ல. சத்தம் போட்டுக் கூப்பிட்டா வந்துடலாம்.

கெடிலக்கரை:
எல்லாத்தையும் படிச்சேன். ராத்திரி அம்மாவுக்கும் படிச்சுக் காட்டினேன், ரவா லட்டு வந்த இடத்துல அவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் தேவனாம்பட்டினம் அக்கா எழுதின மீதியப் படிச்சதும் ரொம்ப நேரம் பேசல. கடைசில, "நீ போய் இருந்துட்டு வா, 6,000-ல 2,000 குறைச்சுக் குடு, சமாளிப்பேன்"ன்னாங்க. அப்பா மட்டும் இன்னும் அரை மணி நேரத்துலயே நிக்கிறார்.

மார்ச் மாசம் கணக்கு முடிக்கற நேரம். ஆபீஸ்ல ஒன்பது, பத்து மணி ஆயிடும், கடைசி பஸ்ஸை நம்பி வேலை பாக்க முடியாது. அதனால பிப்ரவரிலேருந்து ஜூன் வரைக்கும் ரூம், அப்புறம் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். சனி ராத்திரி வீட்டுக்கு வந்துடுவேன். வர்ற ஞாயிறு அப்பாவைக் கூட்டிட்டுப் போய் ரூமைக் காட்டறேன், அப்படியே காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பக்கெட்டு, பாய் வாங்கிக்கலாம்னு இருக்கேன்.

அக்கா, எங்க ஆபீஸ்ல வேலை பாக்குற ஒரு மேடம் முதலியார்பேட்டைல மாடி போர்ஷன் வச்சிருக்காங்க. வேலைக்குப் போற பொண்ணுங்க ரெண்டு பேர் சேர்ந்து கேட்டா குடுப்பேன், கேட் பூட்டற நேரமெல்லாம் கிடையாதுன்னாங்க. உங்களுக்கு தனியா மெசேஜ் போட்டிருக்கேன்.

தேவனாம்பட்டினம் காத்து:
பார்த்தேன் தம்பி. ரவா லட்டு குடுத்த அக்காவும் இடம் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. ரெண்டு பேரும் சேர்ந்து போய்ப் பார்க்கிறோம். அம்மாகிட்ட இன்னைக்குப் பேசறேன், இந்தத் தடவை அடுப்படிக்குள்ளயே போய் நின்னு பேசறேன்.

பழைய துறைமுகம்:
ஜூன்ல கணக்குப் போடறப்போ இங்க வந்து எழுது, நானும் போட்டுக் காட்டறேன். என் கருத்து அதேதான். ஞாயித்துக்கிழமை அப்பா ரூமுக்கு வந்தா முதல்ல குழாயைத் திறந்து பார்ப்பார், அப்புறம் அட்வான்ஸுக்கு ரசீது கேப்பார். மோட்டார் எத்தனை மணிக்குப் போடறாங்கன்னு இப்பவே விசாரிச்சு வை.

லாஸ்பேட்டைவாசி:
எந்தத் தெருன்னு சொல்லு தம்பி. ஞாயிறு மத்தியானம் மீன்குழம்போட வரேன். அப்பாவுக்கு காரம் ஆகுமா?