1981 ‘பொசெஷன்’: முழுப் பதிப்புதானா என்று உறுதிசெய்ய உதவி தேவை

ஆந்த்ரே ஜுவாவ்ஸ்கி மேற்கு பெர்லினில் எடுத்த திகில் படம். வயது வந்தோருக்கு மட்டும்; அந்த எச்சரிக்கை சும்மா இல்லை. முழு நீளம் 124 நிமிடம். அமெரிக்காவில் முதலில் வெளியானது ஏறக்குறைய 81 நிமிடம்தான். வெட்டியதோடு நிற்காமல் காட்சிகளை இடம் மாற்றியும் வைத்தார்கள், கதையே வேறாகிவிட்டது. அதை மட்டும் பார்த்துவிட்டு ‘புரியாத படம்’ என்று ஒதுக்கியவர்கள் பாவம்.

கையில் உள்ள டிவிடி 119 நிமிடம் காட்டுகிறது. வெட்டு என்று உடனே சொல்லிவிட முடியாது. பால் (PAL, ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களின் டிவி முறை) வட்டுகளில் நொடிக்கு 24 ஃபிரேம் படம் 25-ஆக ஓடும். 124 நிமிடம் சரியாக 119-க்குச் சுருங்கும், குரலும் லேசாகக் கீச்சிடும். ஆனால் பால் வட்டில் 124 நிமிடப் பதிப்புக்கான சப்டைட்டிலைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் அளவுக்குப் பின்தங்குகிறது. நொடிக்கணக்கில் தள்ளிவைப்பது பயன்படாது. 24-லிருந்து 25-க்கு மாற்ற வேண்டும்.

கேள்விகள் இரண்டு:

சுரங்கப்பாதைக் காட்சி எந்த நிமிடத்தில் தொடங்குகிறது? ப்ளூ-ரே வைத்திருப்பவர்கள் நேரத்தைச் சொன்னால், 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்து ஒப்பிடலாம்.

இருட்டான அறைக் காட்சிகளில் கறுப்பு சாம்பலாக வெளிறுகிறது. எச்டிஎம்ஐ வரம்பு (கறுப்பு, வெள்ளை அளவுகளைத் தீர்மானிக்கும் அமைப்பு) ப்ளேயரிலும் டிவியிலும் ‘லிமிடெட்’தான். வேறு எங்கே பார்ப்பது?

முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.