புதுப்பிப்பு: மங்கலான சிடி ஒலிக்குக் காரணம் பிளேயர் இல்லை

சிடியில் டிரம்ஸின் சிம்பலும் (உலோகத் தட்டு) குரலின் மூச்சும் அமுங்கிக் கேட்கின்றன, தனி டிஏசி (டிஜிட்டல் தரவை ஒலிக்கான மின்குறிப்பாக மாற்றும் கருவி) வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டியதில்லை.

பிளேயரின் லென்ஸ் அழுக்கானால் பாட்டு தாவும், டிஸ்க்கைப் படிக்காது, ஒலி மங்காது. அதனால் அதைத் தொடவில்லை. ஆம்ப்ளிஃபயரின் ஆர்சிஏ சாக்கெட்டில்தான் (ஒலிக் கேபிளைச் செருகும் இடம்) கறுப்புப் படிவு. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, பிளக்கை நாலைந்து முறை திருகிச் செருகியதும் இடது பக்கக் கரகரப்பு நின்றது.

ஆனால் பெரிய மாற்றம் ஸ்பீக்கரால் வந்தது. பின்சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்ததை 60 செ.மீ. ஆக்கி, ட்வீட்டரை (உச்ச ஒலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கர்) காது உயரத்துக்குக் கொண்டுவந்தேன். சுவரை ஒட்டினால் பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) வீங்கி நடுசுரங்களை மூடிவிடும். இப்போது மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் படுவதே தனியாகக் கேட்கிறது!