வாடகைக்கு இருக்கிற வீட்டையே வாங்கலாமா? கையில் டெபாசிட் இல்லை (லூட்டன்)

லூட்டன்வாசி:
வணக்கம். லூட்டனில் மூன்று அறை டெரஸ் வீடொன்றில் ஏழு வருஷமாக வாடகைக்கு இருக்கிறோம், மாதம் 1,450 பவுண்ட். வீட்டுக்காரர் நம்மட ஆள்தான், எழுபது தாண்டிவிட்டது. போன மாதம் பொய்லர் பார்க்க வந்தவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "இதை விற்கப்போகிறேன் தம்பி, நீ எடுக்கிறதென்றால் மூன்று லட்சத்துக்குத் தாறன்" என்றார். பக்கத்துத் தெருவில் இதே மாதிரி வீடு 3,35,000க்குப் போயிருக்கிறது. எனக்கும் மனைவிக்கும் சேர்த்து வருஷச் சம்பளம் 68,000. ஆனால் சேமிப்பு 3,000தான், சீட்டுக் காசு 8,000 அடுத்த மாதம் எடுக்கலாம். பத்து வீதம் டெபாசிட் என்றால் 30,000 வேண்டும், எங்கே போவது? அவர் விட்டுத்தருகிற 35,000ஐயே டெபாசிட்டாகக் காட்டலாம் என்று வேலையிடத்தில் ஒருவர் சொல்கிறார். உண்மையா, சும்மா கதையா?

ஹேய்ஸ் அக்கா:
உண்மைதான் தம்பி, நாங்களே அப்படித்தான் வாங்கினோம். இங்கே இதற்கு கன்செஷனரி பர்ச்சேஸ் என்று பெயர். ஆனால் எல்லா வங்கியும் செய்யாது. சில வங்கிகள் விற்கிற விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதைத்தான் பார்க்கும், அங்கே இந்த விலைக் கழிவால் ஒரு பிரயோசனமும் இல்லை. சிலர் குடும்பத்துக்குள் விற்றால் மட்டும் ஒத்துக்கொள்வார்கள். வேறு சிலர் கழிவு இருந்தாலும் 5 வீதம் உன் கையிலிருந்தும் வை என்பார்கள். அதனால் நேரே வங்கிக்குப் போய் நிற்காமல் புரோக்கரைப் பிடித்து, முதல் வாயிலேயே "வீட்டுக்காரர் தருகிற கழிவை டெபாசிட்டாக எடுக்கிற வங்கி எது, என்னிடம் எவ்வளவு கேட்கும்" என்று கேளுங்கள். வேறு எதுவும் கதைக்கத் தேவையில்லை.

பிறகு மதிப்பீடு. எங்கள் தலையில் இடி விழுந்தது அங்கேதான். 3,80,000 போகும் என்று வீட்டுக்காரரும் நாங்களும் சேர்ந்து நம்பிக்கொண்டிருந்தோம். வந்தவர் கால் மணி நேரம்தான் நின்றார், சோஃபாவை இழுக்கச் சொல்லிப் பின்சுவரில் ஈரம் பார்க்கிற மெஷினை வைத்தார், 3,65,000 என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். குறைந்த 15,000க்கு அவசரமாக அண்ணரிடம் கைநீட்ட வேண்டி வந்தது, அவரும் இது திருப்பிக் கேட்காத அன்பளிப்பு என்று கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்த பிறகுதான் வங்கி அசைந்தது. உங்கள் கணக்கைப் பாருங்கள்: 3,35,000 என்று வந்தால் 3,00,000 கடன் மதிப்பில் 90 வீதத்துக்குள் நிற்கும். 3,15,000 என்று வந்தால் 95 வீதத்தையும் தாண்டிவிடும், கதை முடிந்தது.

சும்மா ஒரு யோசனை:
ஏன் இவ்வளவு கஷ்டம்? பத்திரத்தில் 3,35,000 என்று போடுங்கள், 35,000 டெபாசிட் கட்டியாயிற்று என்று வீட்டுக்காரர் ஒரு கடிதம் தரட்டும். யாருக்குத் தெரியப்போகிறது?

பழைய கோப்பு:
மேலே இருக்கிறவரின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். கட்டாத காசைக் கட்டியதாக வங்கிக்குச் சொல்வது மோசடி, பிடிபட்டால் வீடு மட்டும் போகாது. சொலிசிட்டர் ஒஃபிஸில் 18 வருஷம் இருந்தவள் நான், இந்த "யாருக்குத் தெரியும்" ஆட்கள் பிறகு எங்கள் மேசைக்கு முன்னால் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று பார்த்திருக்கிறேன். கழிவை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை, வங்கிக்கும் சொலிசிட்டருக்கும் முதலிலேயே எழுத்தில் சொன்னால் அது முழுக்கச் சட்டப்படி.

சீட்டுக் காசு பற்றி. அதைக் கைக்காசாக வாங்கி வங்கியில் போட்டால் சொலிசிட்டர் எங்கிருந்து வந்தது என்று கேட்பார், "அக்கா ஒருத்தர் பிடிக்கிற சீட்டு" என்பது அவருக்கு விளங்காது. மாதாமாதம் கட்டியது கணக்கில் தெரியவேண்டும், எடுப்பதும் டிரான்ஸ்ஃபராக வரட்டும், சீட்டுப் பிடிக்கிறவர் ஒரு கடிதமும் தரட்டும்.

வீட்டுக்காரருக்கும் ஒரு வரிப் பிரச்சினை இருக்கிறது, யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் உங்கள் மேல் உள்ள அன்பில் குறைத்து விற்றால் மூலதன ஆதாய வரிக்கு 3,00,000 அல்ல, சந்தை விலையையே எடுப்பார்கள். 24 வீதம் கட்டுகிறவர் என்றால் கைக்கே வராத 35,000க்கு 8,400 பவுண்ட் வரி, அதுவும் விற்று 60 நாளுக்குள் கட்டவேண்டும். ஏஜென்டுக்குக் கமிஷன் இல்லை, வீடு காலியாகக் கிடக்காது, அதனால்தான் இந்த விலை என்று நியாயம் சொல்ல இடமிருக்கிறது, ஆனால் அதை அவருடைய அக்கவுண்டன்ட்தான் சொல்லவேண்டும். அதோடு குறைத்து விற்றவர் ஐந்து வருஷத்துக்குள் வங்குரோத்து ஆனால் அந்த விற்பனையைக் கேள்வி கேட்கலாம், 1986 வங்குரோத்துச் சட்டத்தில் இருக்கிறது. அதனால் வங்கி ஒரு காப்புறுதி எடுக்கச் சொல்லக்கூடும்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி, முதல் வீடு என்றால் 3,00,000 வரை ஸ்டாம்ப் டியூட்டி இல்லை. சேமிப்பும் சீட்டுக் காசும் சேர்ந்த அந்த 11,000 சொலிசிட்டருக்கும் சர்வேக்கும் போதும்.

மில்டன்கீன்ஸ் மாமா:
ஸ்கிப்டன் பில்டிங் சொசைட்டி 2023இல் வாடகைக்காரருக்கென்று டெபாசிட்டே இல்லாத கடன் கொண்டுவந்தது, அதையும் கேட்டுப்பாருங்கள். ஒரே சிக்கல், அது வந்தபோது மாதக் கட்டு கடைசி ஆறு மாத வாடகைச் சராசரியைத் தாண்டக்கூடாது என்று விதி இருந்தது, இப்போது எப்படி என்று கேளுங்கள். நீங்கள் கட்டுவது 1,450. மூன்று லட்சத்துக்கு 5 வீத வட்டியில் 30 வருஷம் போட்டால் 1,610 வருகிறது. வருஷத்தை நீட்டினால் மாதக் கட்டு குறையும், ஆனால் கிழவனாகும் வரை கட்டவேண்டும். அவசரப்படவும் தேவையில்லை. மே 2026இலிருந்து காரணம் சொல்லாமல் உங்களை வீட்டிலிருந்து எழுப்ப முடியாது, விற்பதற்கு என்றாலும் நாலு மாத நோட்டீஸ் தரவேண்டும்.

லூட்டன்வாசி:
எல்லாருக்கும் நன்றி. புரோக்கர் இரண்டு வங்கி சொன்னார், ஒன்று எங்கள் கையிலிருந்து 5 வீதம் கேட்கிறது, மற்றது கேட்கவில்லை. வீட்டுக்காரரிடம் 8,400ஐச் சொன்னேன், தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார். அக்கவுண்டன்டைக் கேட்டுவிட்டுச் சொல்கிறாராம்.

மதிப்பீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை வருகிறார். பின் அறையில் அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, நாலு வருஷமாக அதைத் திருத்தித் தாருங்கள் என்று வீட்டுக்காரரோடு சண்டை பிடித்ததும் நான்தான். இப்போது அது மதிப்பீட்டுக்காரர் கண்ணில் படக்கூடாதே என்று இருக்கிறது. துடைத்துப் பெயின்ட் அடிக்கட்டுமா?

ஹேய்ஸ் அக்கா:
துடையுங்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். புதுப் பெயின்ட் மணத்தால்தான் எங்கள் வீட்டில் அவர் சோஃபாவை இழுக்கச் சொன்னார்.