4 மேட்ச் பாக்கி, 11-வது இடம்: இப்ப கோச்சை மாத்தலாமா?

காவேரிப்பட்டணம் லெஃப்ட் விங்
மாவட்ட ஃபுட்பால் லீக்ல எங்க டிவிஷன்ல 12 டீம், ஒரே ரவுண்டு, ஒவ்வொரு டீமுக்கும் 11 மேட்ச். 7 முடிஞ்சுது, 5 பாயின்ட், 11-வது இடம். கடைசி 2 டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கணும். 9-வது, 10-வது இடத்துல இருக்கிற ரெண்டு டீமுக்கும் 7 பாயின்ட். வாங்கின கோல் 14. அதுல 6 கார்னர், ஃப்ரீ கிக்ல வந்தது. 5 கோல் 70-வது நிமிஷத்துக்கு மேல.

கமிட்டில பாதிப் பேர் பெங்களூர்ல இருந்து ஒரு கோச்சை இந்த வாரமே கூட்டிட்டு வரணும்ங்கிறாங்க. மீதிப் பேர் சீசன் முடியட்டும்ங்கிறாங்க. அடுத்த மேட்சுக்கு 12 நாள் இருக்கு. டீம்ல பாதிப் பேருக்கு ஓசூர் சிப்காட்ல ஷிஃப்ட் வேலை. மாத்தினா பாயின்ட் வருமா, இல்ல வேற எதைச் சரி பண்ணணும்?

ஓசூர் ஸ்டாப்பர்
உங்க கணக்குலயே பாதி பதில் இருக்கு. 14-ல 6 செட் பீஸ்னா (கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி நிறுத்தி வெச்சு அடிக்கிற பந்து) அதை யார் வந்தாலும் 12 நாள்ல சரி பண்ண முடியும், இப்ப இருக்கிற கோச்சும் சேர்த்துத்தான். ஆடுற முறையையே மாத்தத்தான் நேரம் பத்தாது.

கார்னருக்கு ஆளுக்கு ஆள் மார்க் மட்டும் வெச்சிருந்தா நிறுத்துங்க. ஒருத்தன் தடுக்கி விழுந்தா, எதிரணி ஆள் குறுக்க நின்னு ஒரு ஸ்கிரீன் போட்டா, கோல் போயிடும். கோலுக்கு முன்னாடி இருக்கிற சின்னக் கட்டத்தோட சிக்ஸ் யார்டு கோட்டுல 3 பேர்: கிட்ட போஸ்ட்டுக்கு நேரா ஒருத்தர், நடுவுல ஒருத்தர், தூர போஸ்ட் பக்கம் ஒருத்தர். ஹெட்டிங்ல நல்லா இருக்கிற 3 பேரை இதுக்கு வைங்க, இவங்க யாரையும் மார்க் பண்ண வேண்டாம், பந்தை மட்டும் தாக்கணும். கிட்ட போஸ்ட்டுலயே ஒருத்தர். எதிரணில நல்லா எம்புற 4 பேரை 4 பேர் பிடிக்கணும். பாக்ஸ் விளிம்புல ஒருத்தர், செகண்ட் பாலுக்கு, அதாவது தட்டி விட்டு வெளிய வர்ற பந்துக்கு. எதிரணி கோல் பக்கம் மேல ஒருத்தர் நின்னா அவங்க 2 பேரைப் பின்னாடி விட்டுத்தான் ஆகணும். மொத்தம் 10.

அதிகமா தப்பு நடக்கிறது முதல் ஹெட்டர்ல இல்ல, கிளியர் பண்ணதுக்கு அப்புறம். பந்து வெளிய போனதும் எல்லாரும் அங்கேயே நிப்பாங்க, திரும்ப உள்ள அடிச்சா கோல். கீப்பர் ஒரே வார்த்தை கத்தணும், எல்லாரும் பெனால்டி ஸ்பாட் தாண்டி ஏறணும். இதை 20 கார்னர் தொடர்ந்து அடிச்சுப் பழகுங்க, முழு டீமோட.

இன்னொண்ணு. 2025 ஜூலையில இருந்து சட்டம் மாறியிருக்கு. கீப்பர் பந்தைக் கையில 8 செகண்டுக்கு மேல வெச்சிருந்தா எதிரணிக்கு கார்னர். கடைசி 5 செகண்டை ரெஃப்ரி விரல் காட்டி எண்ணுவார். கார்னர்லயே கோல் வாங்குற டீம், லீட்ல இருக்கும்போது நேரம் கடத்தி கார்னர் குடுக்கக் கூடாது. கீப்பர்கிட்ட சொல்லியாச்சானு பாருங்க.

தர்மபுரி டச்லைன்
புது கோச் வந்ததும் டீம் எழுந்துக்கும்னு எல்லாரும் நம்புறோம். நெதர்லாந்து முதல் டிவிஷன்ல 1986 முதல் 2004 வரை நடந்த மாற்றங்களை ஒரு பொருளாதார ஆய்வாளர் எடுத்துப் பார்த்தார். கோச்சை மாத்தின டீம் கொஞ்சம் தேறிச்சு. அதே மாதிரி சரிவுல இருந்து மாத்தாம விட்ட டீமும் அதே அளவு தேறிச்சு. அடிமட்டத்துல இருக்கும்போதுதான் மாத்துறோம், அதனால மேல வர்றது நம்ம செஞ்ச வேலை மாதிரி தெரியுது.

2023-24 இங்கிலாந்து லீக் டூவை (அங்க நாலாவது டிவிஷன்) பாருங்க. ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் டிசம்பர்ல கோச் ஹார்ஸ்மேனை எடுத்துட்டு ட்ராய் டீனியை வெச்சாங்க. 6 மேட்ச்ல ஒரு ஜெயிப்பும் இல்ல, ஜனவரியில அவரும் போனார். ஸ்டீவ் காட்டெரில் வந்தார். ஒரே சீசன்ல மூணு பேர், கடைசில அதுக்குக் கீழ இருக்கிற நேஷனல் லீகுக்கு இறங்கினாங்க. அதே சீசன்ல கிரிம்ஸ்பி டவுன் ஒரு தடவைதான் மாத்தினாங்க. டேவிட் ஆர்டெல் நவம்பர்லயே வந்துட்டார், பாதி சீசனுக்கு மேல பாக்கி இருந்துது. தப்பிச்சாங்க. ரெண்டு கிளப்பை வெச்சு எல்லாத்தையும் சொல்லிட முடியாதுதான், ஆனா எத்தனை மேட்ச் பாக்கிங்கிறது பெரிய விஷயம்.

நம்ம நாட்டுலயே, 7 வருஷம் கூட இருந்த கோச் காலித் ஜமீலை மும்பை எஃப்சி 2016-ல விட்டாங்க. 2016-17 ஐ-லீக்ல சீசன் நடுவுல இன்னொரு மாற்றமும் பண்ணி, கடைசி இடம் வந்து இறங்கினாங்க. அதே சீசன்ல ஜமீல் ஐஸ்வாலை சாம்பியன் ஆக்கினார். ஐஸ்வால் முந்தின சீசன்ல இறங்கி, அப்புறம் திரும்பச் சேர்க்கப்பட்ட கிளப்!

பர்கூர் நடுகளம்
மேல சொன்னது சரி, ஆனா முழுசா ஒத்துக்க மாட்டேன். பசங்க கோச் பேச்சைக் கேக்கறதை நிறுத்திட்டா கார்னர் பிளானும் நடக்காது. அதுக்கு அடையாளம் தோல்வி இல்ல, பிராக்டிஸ் வருகை. ஷிஃப்ட் இல்லாதவனும் வராம இருக்கானா, சப் ஆனவன் பெஞ்சுல உக்காராம நேரா வண்டியை எடுக்கிறானானு பாருங்க. அப்படி இருந்தா மாத்துங்க, அதுவும் நாளைக்கே, 12 நாளும் கையில இருக்கும்போது. ஒரு மேட்ச் ஆடிட்டு மாத்தினா அந்த இடைவெளி வீணாப் போயிடும்.

4 மேட்சுக்கு பெங்களூர் ஆள் வேண்டாம் அண்ணா. ஒவ்வொருத்தன் பேரும் பொசிஷனும் தெரியவே அவருக்கு 2 வாரம் போகும். அசிஸ்டென்ட், இல்லேன்னா உள்ள இருக்கிற மூத்த ஆட்டக்காரர் பொறுப்பு எடுக்கட்டும். "கடைசி மேட்ச் வரைக்கும்"னு எழுத்துல குடுங்க. பழைய கோச்சுக்குப் பாக்கித் தொகையை அன்னிக்கே கொடுத்து, கமிட்டில ஒருத்தர் நேர்ல சொல்லணும். வாட்ஸ்அப்ல சொன்னா பசங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சிடுவாங்க.

காவேரிப்பட்டணம் லெஃப்ட் விங்
ரொம்ப நன்றி. வருகை நல்லாத்தான் இருக்கு, ஷிஃப்ட்காரங்கதான் சிக்கல். மூணு ஷிஃப்ட்டும் கலந்து இருக்காங்க. கடைசி 20 நிமிஷத்துக்கு என்ன பண்றது?

ஓசூர் ஸ்டாப்பர்
ஏ ஷிஃப்ட் 2 மணிக்கு வெளிய வரும், சி ஷிஃப்ட் ராத்திரி 10-க்குத்தான் உள்ள போகும். சாயந்திரம் 4:30-க்கு வெச்சா ரெண்டும் கிடைக்கும், பி மட்டும் விடுபடும். கீப்பர், 2 ஸ்டாப்பர் மூணு பேரும் ஒரே வாரம் பி-ல மாட்டாம ஷிஃப்ட் மாத்திக்கச் சொல்லுங்க. முழு டீம் கார்னர் பிராக்டிஸ் ஞாயிறு காலை 6:30.

கடைசி 20 நிமிஷத்துக்கு ஓட்டப் பயிற்சியால 12 நாள்ல பெருசா எதுவும் மாறாது. மேட்சுக்கு முந்தின ராத்திரி சி ஷிஃப்ட் முடிச்சு வந்தவனை முதல் 11-ல வைக்காதீங்க, 60-வது நிமிஷத்துல இறக்குங்க. விங் பேக்கை (ஓரத்துல மேலயும் கீழயும் ஓடுற டிஃபென்டர்) 75 வரைக்கும் இழுக்காம 60-65-லயே மாத்துங்க. பெரும்பாலும் சோர்ந்த விங் பேக் பக்கம்தான் உடையும்.

மாங்கா சீசன் வருது, தோப்பு, மண்டி வேலைன்னு ஆள் குறையும். 7 பேருக்குக் கீழ போனா மேட்ச் ஆரம்பிக்கவே முடியாது. இப்பவே 4 தேதிக்கும் யார் யார் வருவாங்கனு கேட்டு எழுதிக்கோங்க, மஞ்சள் கார்டு கணக்கையும் அதுலயே குறிச்சுக்கோங்க. லீக் விதியில பாயின்ட் சமமானா கோல் வித்தியாசமா, நேருக்கு நேர் முடிவானு பாருங்க. 9, 10-வது டீம்ல யாரோடயாவது ஆட்டம் பாக்கி இருந்து விதி நேருக்கு நேர்னா அந்த மேட்ச்ல டிராவுக்கு ஆடாதீங்க. கோல் வித்தியாசம்னா 0-2 பின்னாடி இருந்தாலும் டிஃபென்ஸைத் திறந்து விடாதீங்க.